ஆராதனை நேரம்

அங்காளம்மாள் தெருமுனையில் திரும்பினால் பீர்க்கன்கரணை ஏரிக்கரை வரைக்கும் தெரிந்துவிடும். "மீனே... கானாங்கெளுத்தி, சங்கரா, நெத்திலி மீனே..." என்று ஒரே மூச்சில் இழுப்பாள். அந்தச் சனிக்கிழமை குரலே வரவில்லை. ஞானஜோதி புளியைக் கரைத்து வைத்துவிட்டு இரண்டு தடவை வாசலுக்கு வந்து பார்த்தாள். மறுபடி வந்தபோது, கேட்டுக்கு வெளியே மழைத் தண்ணீர் தேங்காத இடமாகப் பார்த்து அங்காளம்மாள் அன்னக்கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். கூடை நிறைய மீன் இருந்தது. அந்த நேரத்துக்கு எப்போதும் பாதி விற்றிருக்கும்.

"என்ன அங்காளம்மா, சத்தத்தையே காணோம்?"

"கூவனா கதவ சாத்திக்கிறாங்கோ டீச்சரம்மா. கூவாம வந்தா ஒண்ணு ரெண்டு பேர்னா மூஞ்சிய பாக்கறாங்கோ."

"யார் சாத்திக்கறாங்க?"

"எல்லாந்தான். அந்த மாடி வூட்டம்மா இன்னா சொல்லுது தெரியுமா? உம் புருசன் சர்ச்சுல காசு வாங்கிக்கினு கெடக்கான், நீ எதுக்கு மீன் வித்துக்கினு அலையறேன்னுது. பத்து வருசமா எங்கையால மீன் வாங்கித் துன்ன பொம்பள. கைய நீட்டி பேசுது."

அவள் அரிவாள்மணையைக் காலால் அழுத்திக்கொண்டு சங்கராவை எடுத்துச் செதில் சுரண்ட ஆரம்பித்தாள். விலை பேசவில்லை. எவ்வளவு வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. ஞானஜோதிக்கு அதுதான் பயமாக இருந்தது. விலை பேசாத அங்காளம்மாளை அவள் பார்த்ததே இல்லை.

விஷயம் இதுதான். கேளம்பாக்கம் தாண்டிக் கடலோரத்தில் இருக்கிற ஒரு குப்பம் அங்காளம்மாளுக்கு. அங்கே பணக்காரர்களின் சொகுசுப் படகுகள் வந்து நிற்க ஒரு துறை கட்டப் போகிறார்கள். கருத்துக் கேட்புக் கூட்டம் என்று, ஊரில் முக்கால்வாசிப் பேர் கடலுக்குப் போயிருந்த ஒரு காலையில் பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, மோர் கொடுத்து ஜனங்களைக் கேட்டார்கள். அவள் புருஷன் தாமோதரன் எழுந்து நின்று, வேண்டாம், எங்கள் படகை எங்கே இழுத்துப் போடுவது என்று கேட்டான். எழுந்தவன் சும்மா உட்காரவும் இல்லை, நெடுநேரம் பேசினான். பேச்சின் ஆரம்பத்தில் ஒருத்தர், உன்னை யார் பணம் கொடுத்துப் பேசச் சொன்னது என்று கேட்டார். எவனும் கொடுக்கவில்லை என்றான். கடைசியில் வேறொருத்தர், புயலில் வலையெல்லாம் போனதே, யார் உதவினார்கள் என்று கேட்டார். சர்ச்சில் கொடுத்தார்கள் என்றான். முதல் கேள்வியையும் கடைசிப் பதிலையும் யாரோ வெட்டி ஒட்டிவிட்டார்கள். யார் பணம் கொடுத்தது? சர்ச்சுல குடுத்தாங்க. அவ்வளவுதான் வீடியோ. அது ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் குப்பத்துக்கே போய்ச் சேர்ந்தது.

அந்த வலைகளைக் கொடுத்தது ஞானஜோதியின் சபைதான். பெண்கள் ஐக்கியத்தில் வசூல் பண்ணி, வேனில் ஏற்றிக்கொண்டு போய், அவளே ஒவ்வொரு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தாள். அங்காளம்மாளுடன் பழக்கம் இருந்ததால் சபையில் அந்தக் குப்பத்தைச் சொன்னவளும் அவள்தான்.

"வீடியோவ நம்பறாங்களா உங்க ஊர்ல? அவங்களுக்கும்தானே வலை குடுத்தோம்?"

"வலைய எல்லாம் வாங்கனாங்கோ. காச இவன் மட்டும் தனியா வாங்கிட்டான்றாங்கோ. ஊர் கட்டு வெச்சுட்டாங்கோ டீச்சரம்மா. இவங்கூட ஒருத்தனும் படகு ஏறக் கூடாது. இவன் மீன ஏலத்துல எடுக்கக் கூடாது. எங்க வூட்ல ஒரு வாய் தண்ணி குடிக்கக் கூடாது. நான் பக்கத்துக் குப்பத்துல போயி சரக்கெடுத்துக்கினு வரேன். சொந்த ஊர்ல கடல பாத்துக்கினு, அயலூர்ல மீன் வாங்கறேன்."

"போலீஸ்ல சொன்னா என்ன?"

"சொல்லிட்டு எங்க போறது? பொணம் வுழுந்தாலும் ஊருதான் தூக்கணும்." அவள் செவுளைப் பிடுங்கித் தூர எறிந்தாள். பூனை ஒன்று வந்து கவ்விக்கொண்டு ஓடியது. "வர்ற வாரம் ஞாயித்துக்கெழம காலீல ஊர் கூடுது. அது பொய்னு எவனாச்சும் வந்து ஊர் மின்னாடி சொன்னா கட்ட எடுத்துருவாங்களாம். இல்லாங்காட்டி வூட்ட காலி பண்ணிக்கினு போவணும். எவன் வந்து சொல்வான்? எவன் பண்ணான்னே தெரியல."

மீனைக் கழுவிக் கொடுத்துவிட்டு, கூடையைத் தலைக்கு ஏற்ற ஞானஜோதியைக் கைபிடிக்கச் சொன்னாள். தெருவில் அடுத்த எட்டு வீட்டையும் கூவாமல் கடந்து போனாள்.

அன்று சாயங்காலம் வினிதா வந்தாள். ஞானஜோதியிடம் எட்டாவதில் படித்த பெண். இப்போது இணையத்தில் வரும் பொய்ச் செய்திகளைப் பிடித்து எழுதுகிற ஒரு சின்ன வலைத்தளத்தில் வேலை. நனைந்த குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு உள்ளே வந்தவளைப் பேசவிடாமல், உட்கார வைத்து, சோறும் சங்கராக் குழம்பும் போட்டாள் ஞானஜோதி. ஆசிரியைகளுக்கு இது ஒரு வியாதி. படிக்கிறபோது முட்டி போட வைத்த பிள்ளைகளைப் பிற்காலத்தில் சாப்பிட வைத்தால்தான் மனசு ஆறும்.

"மிஸ், ஒரு உதவி. சர்ச் விஷயம். எனக்குத் தெரிஞ்ச சர்ச் ஆள் நீங்க ஒருத்தர்தான்."

"சொல்லும்மா."

"கேளம்பாக்கம் பக்கம் ஒரு மீனவர் வீடியோ சுத்துது, பாத்தீங்களா? அதை முதல்ல கெளப்பினது ஒரே கும்பல். நிறைய அக்கவுண்ட். பேரைப் பாத்தா ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு வேலை. படத்துல கோபுரம், வேல், திருநீறு. பேச்செல்லாம் சர்ச்சைத் திட்டி. ஒரு கட்சிக்காகத்தான் பண்றாங்க, அது தெரியுது. எங்க உக்காந்து பண்றாங்கன்னுதான் தெரியல."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"இருங்க மிஸ். இவங்க விடாம கத்தறாங்க. ஆனா ஞாயித்துக்கெழமை காலையில மட்டும் மொத்தப் பேரும் கப்சிப். எட்டு மணிக்கு அடங்கினா பத்தரைக்கு மேலதான் திரும்ப வாய் திறக்கறாங்க. தூங்கறாங்கன்னு நெனச்சேன். அப்புறம் பின்னாடி போய்ப் பாத்தா, புனித வெள்ளி அன்னிக்கு மத்தியானம் பன்னெண்டுலருந்து மூணு வரைக்கும் ஒருத்தர்கூட இல்ல."

ஞானஜோதி குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். புனித வெள்ளியின் மும்மணி ஆராதனை பன்னிரண்டுக்குத் தொடங்கி மூன்றுக்கு முடியும்.

"சாமி பேரை வெச்சுக்கிட்டு சர்ச்சைத் திட்டற கும்பல், ஆராதனை நேரத்துல ஒழுங்கா சர்ச்சுக்குப் போயிடறாங்க மிஸ்." வினிதா சிரித்தாள். "அவ்ளோ பக்தி. இப்ப என் கேள்வி என்னன்னா, போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை காலையிலருந்து இருட்டற வரைக்கும் ஒரு பதிவும் இல்ல. அன்னிக்கு எந்த சர்ச்சுல நாள் முழுக்க விசேஷம்னு தெரிஞ்சா, ஆளைப் புடிச்சிடலாம்."

அவள் தேதியைச் சொல்வதற்கு முன்பே ஞானஜோதிக்குத் தெரிந்துவிட்டது. அது அவர்கள் சபையின் அறுப்பின் பண்டிகை. அவள் கணவர் அசரியா சபைச் செயலாளர். அவர்தான் ஏலம் விட்டார். ஒரு பூசணிக்காயைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, ஒரு தரம், ரெண்டு தரம் என்று கூவி, அதை யானை விலைக்கு ஏற்றி, மொத்தச் சபையையும் சிரிக்க வைத்தார். பாடகர் குழுப் பிள்ளைகள்தான் பந்தியில் பிரியாணி பரிமாறினார்கள். அந்தப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் வேலை கொடுத்திருப்பவன் அவள் மகன் ஜாய்சன். 'இன்னிக்கு நம்ம ஆபீஸ் முழுக்க லீவு ஐயா' என்று அவன் சொல்ல, போதகர் அதை மைக்கில் அறிவித்து, எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள்.

"எத்தனையோ சர்ச் இருக்கேம்மா இந்தப் பக்கம். ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு பண்டிகை. எனக்கு எப்படித் தெரியும்?"

ஞானஜோதி பொய்யே சொல்லாதவள் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்ஷன் வந்தால் எல்லா டீச்சரும் சொல்லுகிற பொய்யை அவளும் சொல்லியிருக்கிறாள். ஆனால் இதைச் சொன்னபோது அவள் காது சூடானது. வினிதா சோற்றைப் பிசைவதை நிறுத்தி ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு, "சரி மிஸ், தெரிஞ்சா சொல்லுங்க" என்று குனிந்து சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் ஞானஜோதி தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி குரோம்பேட்டையில் இறங்கினாள். ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் ஜாய்சனின் அலுவலகம். திறப்பு விழாவுக்கு வந்ததுதான். போதகர் ஜெபம் பண்ணினார், அவள் வாழைப்பழ கேக் செய்துகொண்டு வந்திருந்தாள். அன்று நாலு கம்ப்யூட்டர் இருந்தது. விளம்பர கம்பெனி என்று சொன்னான்.

இப்போது மேசை நிறைய முட்டை அட்டைகள். மளிகைக் கடையில் முட்டை அடுக்கி வைக்கிற அதே அட்டை. அதன் பள்ளங்களில் முட்டைக்குப் பதிலாக செல்போன்களைச் சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் பிளாஸ்டர் ஒட்டி, பேனாவால் பேர் எழுதியிருந்தது. பிள்ளைகள் ஒரு போனை எடுத்துத் தட்டிவிட்டு, அதை வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்தார்கள். தலை நிமிரவில்லை. இட்லி ஊற்றுகிற வேகம். சபையில் ஆர்கன் வாசிக்கிற ஈவ்லின்தான் முதலில் பார்த்தாள்.

"ஐயோ, ஆன்ட்டி! வாங்க ஆன்ட்டி. ஜாய்சன் அண்ணா, அம்மா வந்திருக்காங்க."

ஈவ்லின் கையில் இருந்த போனின் முதுகில் 'முத்துவேல், விவசாயி' என்று எழுதியிருந்தது. அவள் அதைப் பாவாடை மடிப்பில் மறைத்துக்கொண்டாள்.

ஜாய்சன் அவளைக் கண்ணாடி அறைக்குள் அழைத்துப் போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். டீ சொன்னான். நல்ல பிள்ளை. அம்மா படியேறி வந்ததற்கு, லிஃப்ட் இல்லையே என்று வருத்தப்பட்டான்.

"கேளம்பாக்கம் மீனவர் வீடியோ, நீங்க போட்டதா?"

அவன் கதவைச் சாத்தினான். "யார் சொன்னா?"

"நீங்க போட்டதாடா?"

"மா, இது வேலை. க்ளையன்ட் அனுப்பறாங்க, நாங்க பரப்பறோம். எதையும் நாங்க செய்யறதில்ல. வெட்டறது ஒட்டறது எல்லாம் மேலேயே முடிஞ்சு வந்துரும்."

"அந்த ஆள் யார் தெரியுமா? தாமோதரன். நம்ம அங்காளம்மா புருஷன்."

அவனுக்கு நிஜமாகவே தெரியாது. முகத்தில் தெரிந்தது. "மீன்கார ஆயாவா?" என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பேரையெல்லாம் பாக்கறதில்லமா. ஒரு நாளைக்கு எவ்வளவோ வருது."

"அந்த ஊர்ல அவங்களைத் தள்ளி வெச்சிருக்காங்க. ஒரு வாய் தண்ணி குடிக்க ஆள் இல்ல. அந்த வலை நம்ம குடுத்ததுடா. நான் குடுத்தது. நம்ம சபையையே திட்டி, நம்ம கொயர் பிள்ளைங்களை வெச்சே எழுத வெக்கறியே, உனக்கு ஒண்ணும் தோணலையா?"

"அதனாலதான்மா யாருக்கும் சந்தேகம் வரல." சொல்லிவிட்டு அவனுக்கே அது சரியாகப் படவில்லை போலிருக்கிறது. "எலெக்ஷன் முடியற வரைக்கும்தான். அப்புறம் வேற வேலை எடுத்துருவேன். வெளியில உக்காந்திருக்கற பிள்ளைங்க டிகிரி முடிச்சிட்டு வருஷக்கணக்கா சும்மா இருந்தவங்க. யார் வேலை குடுத்தா?"

"முழு வீடியோவைக் குடு. ஞாயித்துக்கெழமை ஊர் கூடுது. அதைக் காட்டினா போதும்."

"எங்ககிட்ட இல்லமா. வெட்டினதுதான் வரும்."

"அப்ப நீயே வந்து சொல்லு."

அவன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. டீயை அவள் பக்கம் நகர்த்தினான். ஆறப் போகுது என்றான். அந்தப் பொறுமைதான் அவளைக் கிளறிவிட்டது. இவனை எப்படியாவது ஒரு தடவை பயப்பட வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது.

"சந்தேகம் வரலைன்னு நெனச்சுக்கிட்டிருக்கியா? வந்தாச்சு. ஞாயித்துக்கெழமை ஆராதனை நேரத்துல நீங்க ஒருத்தரும் பேசறதில்லன்னு கண்டுபிடிச்சாச்சு. புனித வெள்ளி, அறுப்பின் பண்டிகை, எல்லாம் எடுத்து வெச்சிருக்காங்க. இன்னும் எத்தனை நாள்?"

ஜாய்சன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கண் சுருங்கி, கண்ணாடிக்கு வெளியே இருந்த முட்டை அட்டைகளைப் பார்த்தான். பரீட்சைத் தாளில் தப்பைக் கண்டுகொண்ட பையன் அப்படித்தான் பார்ப்பான். அவளுக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். பிறகு எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நல்ல வேளை சொன்னீங்கமா."

கீழே இறங்கி, பாத்திரக் கடை வாசலில் நிற்கும்போதுதான் அவள் செய்தது அவளுக்கு உறைத்தது. வினிதா கேட்டபோது வாயைத் திறக்கவில்லை. யாரிடம் சொல்லக் கூடாதோ அவனிடம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்தவள், சொந்தப் பிள்ளைக்கு விடையைக் காட்டிக் கொடுத்துவிட்டு நின்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் அசரியா சபைக் கணக்கெல்லாம் முடித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் சொன்னாள்.

"நாளைக்கு நான் ஆராதனைக்கு வரலைங்க. கேளம்பாக்கம் போறேன்."

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஜாய்சன் பேசியிருக்கிறான். "ஜோதி, போய் என்ன சொல்லப் போறே?"

"உள்ளதை."

"உள்ளதுன்னா? எம் பையன் பண்ணான்னா? நாளைக்கு போலீஸ் வந்து அவனை இழுத்துக்கிட்டுப் போனா? பிள்ளைங்க அத்தனை பேரையும் சேர்த்துத்தான் இழுப்பாங்க. அவங்க அப்பா அம்மா மூஞ்சியில நான் எப்படி முழிக்கறது?"

"அங்காளம்மா மூஞ்சியில நான் முழிக்கணுமே."

"நான் அந்தம்மாவுக்கு வேணாம்னு சொல்லல. ஏதாவது செய்வோம். பாரத்தோட ஜெபம் பண்ணுவோம். கர்த்தர் பாத்துக்குவார்."

"கர்த்தர் பாத்துட்டாருங்க. பாத்துட்டுத்தான் என்கிட்ட சொல்லியிருக்கார்."

அசரியா தட்டிலேயே கையைக் கழுவினார். அப்படிச் செய்கிறவர் இல்லை. "நீ அவனைப் பெத்தவதானே?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனார். அந்த வாரம் முழுக்க அதைத்தான் அவளும் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

காலையில் மழை விடவில்லை. பெருங்களத்தூரில் மாமல்லபுரம் போகிற பேருந்தைப் பிடித்தாள். வண்டலூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் அடுக்குமாடிகள், இடையிடையே தண்ணீர் நிற்கும் வயல், மறுபடி அடுக்குமாடிகள். கேளம்பாக்கத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தாள். குப்பத்துக்குள் மணல் ரோட்டில் ஆட்டோ போகாது என்று பாதியில் இறக்கிவிட்டான். கடல் அழுக்கு நிறத்தில் கத்திக்கொண்டிருந்தது. ஃபைபர் படகுகளை மேடேற்றி, தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். கருவாட்டு வாசனையும் டீசல் வாசனையும் மழையில் கலந்து வந்தன.

அங்காளம்மாள் ரோட்டிலேயே காத்திருந்தாள். வருகிறேன் என்று மட்டும்தான் ஞானஜோதி போனில் சொல்லியிருந்தாள்.

"மெய்யாலுமே வந்துட்டியா டீச்சரம்மா! இந்த மழைல? ஒரு டீத்தண்ணி வெக்கட்டா?" என்றவள் உடனே நிறுத்திக்கொண்டாள். "வேணாம். எங்க வூட்ல குடிச்சா உன்னயும் பேசுவாங்கோ."

"வை. குடிச்சிட்டே போறேன்."

"கூட்டம் ஆரம்பிச்சுட்டாங்கோ. நட."

மாரியம்மன் கோயில் கொட்டகையில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் தள்ளி, வலைக் குவியல் பக்கம் நின்றார்கள். ஊர்த் தலைவர் அப்பாதுரை வயதானவர், முரடர் இல்லை. பொம்பளைங்க சபையில பேசறதில்ல என்று யாரோ முணுமுணுத்ததற்கு, படிச்சவங்க, மழைல வந்துகீறாங்க, பேசட்டும் என்றார். தாமோதரன் ஒரு தூணுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பக்கத்தில் யாரும் இல்லை.

ஞானஜோதி அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஐயா, அந்த வீடியோ பொய். யார் பணம் குடுத்ததுன்னு கேட்டதுக்கு எவனும் குடுக்கலன்னுதான் இவர் சொன்னார். சர்ச்சுல குடுத்தாங்கன்னு சொன்னது வலையை. ரெண்டையும் வெட்டி ஒட்டிட்டாங்க. அதைப் பரப்பினது யார்னு எனக்குத் தெரியும்." மூச்சு வாங்கியது. "பரப்பினது என் மகன். குரோம்பேட்டையில ஆபீஸ் வெச்சிருக்கான். ஒரு கட்சிக்காகச் செய்யறான். நான் கண்ணால பாத்தேன்."

அவள் அங்காளம்மாளைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

பின்னாலிருந்து ஒருவன், "தலிவரே, இந்தம்மாதான் புயலப்போ வேன்ல வந்து வலை குடுத்தாங்கோ" என்றான்.

"ஆமா, நான்தான்" என்றாள் ஞானஜோதி, அது தனக்குச் சாதகம் என்று நினைத்து.

அப்பாதுரை தாடையைத் தடவினார். "நீங்க அந்தச் சர்ச்சுதானாம்மா?"

"ஆமாங்க."

"அந்த முழு வீடியோ இருக்கா?"

"இல்லைங்க."

"சரி. நான் கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்கோ. இவனுக்குக் காசு குடுத்தது சர்ச்சுன்றாங்கோ. இப்ப அந்தச் சர்ச்சுலருந்து நீங்க வந்து, குடுக்கலன்றீங்கோ. குடுத்தவங்களே வந்து குடுக்கலன்னு சொன்னா ஊரு அத இன்னான்னு எடுத்துக்கறது?"

"நான் ஏன் பொய் சொல்லணும்? என் சொந்த மகனைச் சொல்றேனே!"

"அதாம்மா. அதத்தான் நானும் ரோசன பண்றேன்." அவர் குரல் இரக்கமாகத்தான் இருந்தது. "இந்த மழைல, இம்மாந் தூரம், பெத்த புள்ளையவே வுட்டுக் குடுத்துக்கினு ஒருத்தனுக்காக வந்து நிக்கறீங்கோன்னா, அவனுக்கும் உங்களுக்கும் எம்மாம் இருக்கணும்? சொல்லுங்க, நீங்களே சொல்லுங்க."

கூட்டம் அப்போதுதான் வாயைத் திறந்தது. ஆமான்றேன், கரெக்டா கேட்டாரு, வேன்ல வந்தப்பவே நெனச்சேன். நாலைந்து பேர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். ஞானஜோதி ஏதேதோ சொன்னாள். முட்டை அட்டை, போன், பேர் எழுதி ஒட்டியிருந்தது. சொல்லச் சொல்ல அது அவளுக்கே கட்டுக்கதை மாதிரி கேட்டது. தாமோதரன்தான் கடைசியில், "போதும் டீச்சரம்மா. நீ வூட்டுக்குப் போ" என்றான். கட்டு அப்படியே இருக்கும், மழை விடுகிறவரைக்கும் வீட்டில் இருந்துகொள்ளலாம், அப்புறம் காலி செய்ய வேண்டும் என்று தலைவர் சொல்லி முடித்தார்.

மணல் ரோட்டில் அங்காளம்மாள் கூடவே நடந்து வந்தாள்.

"ஒம் புள்ளையா?"

"ஆமா."

"கண்ணாலத்துக்கு நான் வஞ்சிரம் கொண்டாந்து தர்றேன், நீ கடைல வாங்காதன்னு சொன்னேனே, அந்தப் புள்ளையா?"

"ஆமா, அங்காளம்மா."

அங்காளம்மாள் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நீ வராமயே இருந்திருக்கலாம்" என்றாள். திட்டியிருந்தால்கூட ஞானஜோதி தாங்கியிருப்பாள். ஆட்டோ வந்ததும், ஏறு, பஸ்ஸு பூடும் என்று ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

கேளம்பாக்கம் நிறுத்தத்தில் தகரக் கூரைக்குக் கீழே நிற்கும்போது வினிதாவிடமிருந்து செய்தி வந்தது. 'மிஸ், நம்ம கணக்கு போச்சு. இன்னைக்கு ஆராதனை நேரத்துலயும் விடாம போடறாங்க.' கூடவே ஒரு படம்.

கோயில் கொட்டகை. தூண். தூணுக்குப் பக்கத்தில் தாமோதரன், முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். மேலே, 'ஆதாரம் கேட்டீர்களே? பணம் கொடுத்த சர்ச் ஆளே நேரில் வந்து இறங்கிவிட்டார்' என்று எழுதியிருந்தது. கீழே முத்துவேல், விவசாயி அதைப் பகிர்ந்திருந்தான். தாமோதரன் பக்கத்தில் ஒரு பெண். பழுப்பு நிறச் சேலை, கைப்பை, கக்கத்தில் குடை எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. முகத்தை மட்டும் அடையாளம் தெரியாமல் கலைத்துவிட்டிருந்தார்கள். அவளுக்குப் பின்னால் இருந்த கூட்டத்தில் ஒருத்தர் முகத்தையும் கலைக்கவில்லை.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜாய்சன் கூப்பிட்டான்.

"மா, எங்க இருக்கீங்க? நனைஞ்சீங்களா? ஏம்மா இப்படிப் பண்றீங்க? அந்த ஊர்க்காரன் ஒருத்தன் க்ளையன்ட்டுக்கு அனுப்பிட்டான், எங்களுக்கு வந்துருச்சு. பயப்படாதீங்க. நானே உக்காந்து உங்க மூஞ்சிய மறைச்சுட்டுத்தான் போடச் சொன்னேன். யாருக்கும் தெரியாது."

"தாமோதரன் மூஞ்சிய?"

"என்னமா?"

"அவர் மூஞ்சிய ஏன் மறைக்கல?"

அந்தப் பக்கம் அவனுக்குப் பின்னால் யாரோ பிள்ளைகள் பேசுவது கேட்டது. பாடகர் குழுவில் இருந்திருக்க வேண்டிய குரல்கள். "மா, நான் வண்டி எடுத்துக்கிட்டு வரட்டா?" என்றான்.

அவள் போனை அணைத்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. மழைக்கு ஒதுங்கிய ஜனங்கள் அவளை நெருக்கிக்கொண்டு நின்றார்கள். யாரோ ஒருவரின் குடைத் தண்ணீர் அவள் தோளில் சொட்டியது. வினிதாவைக் கூப்பிட்டாள்.

"வினிதா, அந்தப் படத்துல இருக்கற பொம்பளை நான்தான்."

"மிஸ்?"

"அன்னிக்கு நீ கேட்டப்ப தெரியாதுன்னு சொன்னேன். தெரியும். ஆராதனை நேரத்தைப் பத்தி அவங்ககிட்ட உளறினதும் நான்தான். இப்ப சொல்றேன், எழுதிக்கோ. என் படம் அனுப்பறேன், மூஞ்சி தெரியற மாதிரி போடு."

"மிஸ், அவசரப்படாதீங்க. வெளியில வந்துட்டா திரும்ப எடுக்க முடியாது. யாரோட வேலை இதுன்னு நீங்க சொன்னா, அவங்க மேல கேஸ் வரும்."

"தெரியும்."

"யார் மிஸ் அது?"

மாமல்லபுரத்திலிருந்து பேருந்து வந்து நின்றது. ஜனங்கள் அவளை இடித்துக்கொண்டு ஏறினார்கள். அவள் ஏறவில்லை. வகுப்பில் சொல்வதெழுதுதல் போடுகிறபோது சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"ஜாய்சன். அப்பா பேரு அசரியா. எழுதிட்டியா? அம்மா பேரையும் போட்டுக்கோ."